தனியா இருந்தா தங்கம்!

வாசகர் கேள்விகளும் மனநலக் குழுவின் பதில்களும்

பதின்வயதுப் பிள்ளைகளின் விபரீத விளையாட்டுகள் பற்றி வந்த கடிதங்களில், வட சென்னையிலிருந்து வந்தவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கே: பிளஸ் ஒன் படிக்கிற என் பையன் வீட்டுல ரொம்ப சமத்து. "அலையைத் தடுக்கக் கடலுக்குள்ள கொட்டியிருக்கற தூண்டில் வளைவுப் பாறையில ஏறிக் குதிக்காதப்பா"ன்னா, "தெரியும்மா, போக மாட்டேன்"னு சொல்றான். அன்னிக்கு சாயந்திரமே பசங்களோட போய்க் குதிச்சிட்டு வர்றான். பொய் சொல்றானா? இல்ல, நாங்க வளர்த்ததுல ஏதாவது குறையா?
ஒரு தாய், காசிமேடு

ப: இரண்டும் இல்லை. உங்களிடம் "போக மாட்டேன்" என்றபோது அவன் மனதார அப்படித்தான் நினைத்திருப்பான். அடுப்படியில் உட்கார்ந்து யோசிக்கிற மூளையும், பாறை மேல் நான்கு பேர் "டேய், பயந்துட்டான்டா" என்று சிரிக்கும்போது வேலை செய்கிற மூளையும் இந்த வயதில் ஒன்றுபோல இருப்பதில்லை.

பாராட்டு, சிரிப்பு, கைதட்டல் போன்றவற்றுக்குத் துள்ளும் மூளைப்பகுதி, பருவம் எய்தும் சமயத்திலேயே சூடுபிடித்துவிடுகிறது. 14 முதல் 17 வயதில் அது உச்சத்தில் இருக்கும். "இரு, யோசி" என்று பிடித்து நிறுத்துகிற முன்மூளை, இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அமைதியாக உட்கார்ந்து யோசிக்கச் சொன்னால் 16 வயதுப் பிள்ளை பெரியவர்களுக்குச் சமமாகவே யோசிக்கும். கூட்டமும் பரபரப்பும் சேர்ந்தால்தான் தடுமாற்றம்.

அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இருவர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. கணினியில் ஒரு கார் விளையாட்டு. மஞ்சள் விளக்கு விழுந்த பிறகு எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், தனியாக ஆடியதைவிட நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் நண்பர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசமே இல்லை. 2011-இல் வந்த இன்னொரு ஆய்வில், நண்பர்கள் அடுத்த அறையில் இருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே போதும், பதின்வயதினரின் மூளையில் அந்தத் துள்ளும் பகுதி கூடுதலாக விழித்துக்கொண்டது. இன்றைக்கு அடுத்த அறைகூட வேண்டாம். ரீல்ஸ் எடுக்க ஒருவன் செல்போனைத் தூக்கினாலே ஊரே பார்க்கிற மாதிரி.

அதனால் புத்திமதியைக் கூட்டிப் பயனில்லை, அது ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது. அவன் அந்த இடத்தில், அந்தக் கூட்டத்தோடு, வேலையில்லாமல் நிற்கிற நேரத்தைக் குறையுங்கள். பள்ளி விட்டு வந்து இருட்டும்வரை உள்ள இரண்டு மணி நேரம்தான் பெரும்பாலும் சிக்கல். வாரத்தில் மூன்று நாளாவது அந்த நேரத்துக்கு ஒரு மைதானமோ, டியூஷனோ, மாமா கடையில் ஒரு வேலையோ இருக்கட்டும். அப்பாவோ சித்தப்பாவோ கடற்கரைப் பக்கம் சும்மா வலை பார்க்க வந்த மாதிரி ஒரு நடை வந்து போனாலும் போதும். திட்ட வேண்டாம், கண்ணில் பட்டால் போதும். தாய் உடன் இருந்தபோது பிள்ளைகள் கார் விளையாட்டில் நிதானமாக ஓட்டியதாகவும் ஆய்வு உண்டு.

கடல் விஷயம் தனி. 'கடல்லயே வளர்ந்தவன், நீச்சல் தெரியும்' என்ற தைரியம் மீனவக் குடும்பங்களில் அதிகம். தூண்டில் வளைவின் ஓரமாக, கரையில் மோதிய தண்ணீர் திரும்பிக் கடலுக்குள் ஓடுகிற இழுப்பு இருக்கும். நீச்சல் வீரனையும் அது இழுத்துப் போகும். மணலும் நிலையாக இருக்காது. போன வாரம் ஆளுயரத் தண்ணீர் இருந்த இடத்தில் இந்த வாரம் இடுப்பளவுதான் இருக்கலாம், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னும் மோசம். அங்கே தலைகீழாகக் குதித்தால் கழுத்தெலும்பு போகும். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். முடிந்தால் பாறையை விட்டு விலகி, கரைக்கு இணையாக நீந்த வேண்டும். கரையில் நிற்பவன் பின்னாலேயே குதிக்காமல், காலி தண்ணீர் கேனையோ கயிற்றையோ வீச வேண்டும். குதித்தவனுக்குக் கழுத்து வலித்தாலோ கைகால் மரத்தாலோ தலையைத் திருப்பாமல் நேராகப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். "போகாதே" என்பதோடு இதையும் அவனுக்குச் சொல்லி வையுங்கள். இப்படிச் சொல்வது அனுமதி கொடுத்ததாக ஆகிவிடாது.

கே: எங்களுக்கு ஆபத்து தெரியாதுன்னு பெரியவங்க நினைக்கிறாங்க. தெரியும். ஆனா அந்த நேரத்துல 'வேணாம்'னு சொன்னா ஒரு மாசம் ஓட்டுவானுங்க. என்ன பண்றது?
17 வயது மாணவர், திருவொற்றியூர்

ப: நீங்கள் சொல்வது சரி தம்பி. உங்கள் வயதினர் பல ஆபத்துகளை உள்ளதைவிடப் பெரிதாகவே மதிப்பிடுகிறார்கள். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. 'சுறாக்களோடு நீந்துவது நல்ல யோசனையா?' என்று கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பெரியவர்கள் யோசிக்காமல் 'இல்லை' என்றார்கள். பதின்வயதினரும் 'இல்லை' என்றுதான் சொன்னார்கள், ஆனால் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். லாபம் இவ்வளவு, நஷ்டம் இவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். சில விஷயங்களில் கணக்குப் போட உட்கார்வதே தப்பு. 'ஒரு தடவைதானே, நூத்துல ஒருத்தனுக்குத்தான் அடிபடும்' என்று கணக்கு சரியாக வந்துவிடும், கை போய்விடும்.

2012-இல் வந்த இன்னொரு ஆய்வு நாம் எல்லோரும் நினைப்பதற்கு நேர்மாறானது. ஆபத்து இத்தனை சதவீதம் என்று தெளிவாகத் தெரிந்தபோது, 12 முதல் 17 வயதினர் பெரியவர்களைவிட அதிகமாகவே தயங்கினார்கள். எவ்வளவு என்று தெரியாத இடத்தில்தான் துணிந்து இறங்கினார்கள். 'என்ன ஆகும்னு பாத்துடலாம்' என்ற வார்த்தை உங்கள் வாயில் வந்தால் அதை எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுவார்கள் என்ற பயத்துக்கு வழி இருக்கிறது. 'வேணாம்' என்ற முடிவை அந்த நேரத்தில் எடுக்கப் பார்க்காதீர்கள், முன்னாடியே எடுத்து வைத்துவிடுங்கள். 'இன்னார் இப்படிச் சொன்னால் நான் இப்படிச் செய்வேன்' என்று வாக்கியமாகவே மனதில் இருக்க வேண்டும். உதாரணம்: 'மூணு பேரா வண்டியில ஏறச் சொன்னா, ஷேர் ஆட்டோவுல வந்துடறேன்னு சொல்லிட்டு நடக்க ஆரம்பிப்பேன்.' காரணம் சொல்லி வாதாடினால் தோற்பீர்கள், கால் நகர்ந்தால் பேச்சு முடிந்துவிடும்.

இன்னொன்று, வீட்டில் ஒருவரோடு ஓர் ஏற்பாடு. நீங்கள் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால், அம்மாவோ அக்காவோ உடனே திரும்ப அழைத்து, "மெட்ரோ தண்ணி லாரி வந்துடுச்சு, குடம் தூக்க ஆளில்ல, உடனே வா" என்று நண்பர்கள் காதில் விழும்படி கத்த வேண்டும். பழி அம்மா மேல் போகும், உங்கள் மானம் போகாது. பெற்றோருக்கு இதில் ஒரே நிபந்தனைதான். அன்று இரவு விசாரணை கூடாது. விசாரித்தால் அடுத்த முறை மிஸ்டு கால் வராது.

கே: பையனுக்கு 17 ஆகுது. பிளஸ் டூல நல்ல மார்க் வாங்கினா பைக் வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டேன். இப்ப கேக்கறான். சும்மா பேட்டைக்குள்ள ஓட்டட்டும்னு விடலாமா?
ஒரு தந்தை, தண்டையார்பேட்டை

ப: விடக் கூடாது. சட்டம் முதலில். 16 வயதில் பெற்றோர் சம்மதத்தோடு உரிமம் கிடைப்பது 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு மட்டும்தான். கியர் பைக்குக்கு 18 முடிய வேண்டும். 18 நிறையாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. விபத்தில் வேறு யாருக்காவது அடிபட்டால், காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் நஷ்டஈட்டை உங்களிடமே திரும்பக் கேட்கலாம். வாக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் காப்பாற்றுங்கள், தேதியை மட்டும் 18-ஆவது பிறந்தநாளுக்குத் தள்ளுங்கள்.

வாங்கிய பிறகு முதல் ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு விதி வைக்கலாம் என்றால், பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது என்பதை வையுங்கள். காரணம் முதல் கேள்வியிலேயே இருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவன்தான் அந்த 'அடுத்த அறை'. அதற்கடுத்து, இரவு 9 மணிக்கு மேல் சாவி உங்களிடம். மூன்றாவதாக ஹெல்மெட், தாடைப்பட்டை மாட்டி. பட்டை மாட்டாத ஹெல்மெட் மோதிய நொடியில் தலையை விட்டுக் கழன்று ஓடிவிடும்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது 'மெதுவாப் போ' என்று சொல்வதைவிட எண்ணாகச் சொல்லுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடும், 80-இல் 22 மீட்டர். கண் பார்த்துக் கை பிரேக்கைத் தொடவே ஒரு நொடி ஆகும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. உங்கள் பக்கத்துச் சாலைகளில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். அதன் இடப்பக்கமும் கேபினுக்கு நேர் முன்புறமும் டிரைவர் கண்ணில் படாத இடங்கள். இடது பக்கம் திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடுக்கில் புகுந்து முந்துகிற பையன் மாட்டுவது அங்கேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நிறுத்தி வைத்த டிரெய்லர் ஒன்றின் அருகில் கூட்டிப்போய், டிரைவரிடம் கேட்டுக்கொண்டு கேபினில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். நூறு அறிவுரையைவிட அது உள்ளே இறங்கும்.

கே: பிளஸ் டூ வகுப்பில் பல பையன்களுக்கு இப்போதே 'ரூட்டு தல' (ஒரு பஸ் அல்லது ரயில் தடத்தில் போகும் மாணவர் கூட்டத்தின் தலைவன்) ஆகும் கனவு. மின்ரயிலில் தொங்கிக்கொண்டு போவது, பெட்டி மேல் ஏறுவது என்று வீடியோ பார்க்கிறார்கள். விபத்துப் படங்களைக் காட்டிப் பயமுறுத்தலாமா என்று பள்ளியில் யோசிக்கிறோம்.
ஓர் ஆசிரியை, கொருக்குப்பேட்டை

ப: வேண்டாம் டீச்சர். கோரமான படத்தைப் பார்த்த வகுப்பு அன்று மதியம் வரை அமைதியாக இருக்கும், அவ்வளவுதான். தப்பு செய்யும் பிள்ளைகளைச் சிறைக்குக் கூட்டிப்போய்க் காட்டிப் பயமுறுத்தும் திட்டங்கள் அமெரிக்காவில் பல ஆண்டுகள் நடந்தன. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படிப் போய் வந்தவர்கள் குற்றத்தில் ஈடுபடுவது குறையவில்லை, கூடத்தான் செய்தது. பயம் கவர்ச்சியாகவும் மாறும்.

தகவல் சொல்லலாம், சுருக்கமாக. மேலே போகும் மின்கம்பியில் 25,000 வோல்ட்; வீட்டில் இருப்பது 230. தொட வேண்டியதே இல்லை, நெருங்கினாலே பாயும். ரயில்வே ஊழியர் எச்சரித்த பிறகும் கூரையிலோ படியிலோ பயணம் செய்தால் ரயில்வே சட்டம் 156-ஆம் பிரிவில் 3 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (500 ரூபாய் யாரையும் பயமுறுத்தாது என்பது எங்களுக்கும் தெரியும். வழக்குப் பதிவானால் பிறகு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போகும்போது வரும் தலைவலியைச் சொல்லுங்கள்.)

இதற்கு மேல் பலன் தருவது ஒரு சின்னச் சீட்டுப் பயிற்சி. ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதாத துண்டுச் சீட்டு. இரண்டு கேள்விகள். ஒன்று: 'தொங்கிக்கொண்டு போவது கெத்து என்று நீ நினைக்கிறாயா?' இரண்டு: 'இந்த வகுப்பில் எத்தனை பேர் அதைக் கெத்து என்று நினைப்பார்கள்?' வகுப்பிலேயே எண்ணிப் பலகையில் எழுதுங்கள். பெரும்பாலும் முதல் எண் சிறியதாகவும் இரண்டாவது பெரியதாகவும் வரும். 'எனக்குப் பிடிக்கவில்லை, மற்றவர்களுக்குப் பிடிக்கும்' என்று ஒவ்வொருவனும் தனித்தனியாக நம்பிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் வெளியே வரும். அதன் மேல் நீங்கள் பிரசங்கம் செய்யாதீர்கள், எண்கள் பேசட்டும். இதில் தவறு நடப்பது இரண்டு இடத்தில்: சீட்டை ஆசிரியர் கையெழுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்வது ஒன்று, முதல் எண் பெரியதாக வந்துவிட்டால் கோபப்படுவது இன்னொன்று. பெரியதாக வந்தால் நிலைமை அதுதான் என்று தெரிந்துகொள்ளுங்கள், தனியாகப் பேச வேண்டிய நான்கைந்து பேர் யார் என்று பாருங்கள்.

'தல' என்ற பட்டத்தில் ஒரு பையனுக்குக் கிடைப்பது என்ன? தன் பெயரை நூறு பேர் கத்துகிறார்கள். வீட்டிலும் வகுப்பிலும் அவன் பெயரைத் திட்டுவதற்கு மட்டுமே கூப்பிட்டிருப்பார்கள். ஆண்டு விழா மேடை, விளையாட்டு தினக் கொடி, கீழ் வகுப்புப் பிள்ளைகளை ரயில் கடவையில் பத்திரமாகக் கூட்டிப்போகும் பொறுப்பு, இவற்றை எப்போதும் முதல் மதிப்பெண் எடுப்பவனுக்கே தராதீர்கள்.

கே: எட்டாவது படிக்கிறவன், ஒரு இடத்துல நிக்க மாட்டான். தடை பண்ணின மாஞ்சா நூலைத் தேடிப் போறான், மொட்டை மாடி சுவர் மேல நடக்கறான். பாக்ஸிங் சேத்து விடுங்கன்னு அவன் மாமா சொல்றார். அடிதடின்னு பழகிடுவானோ?
ஒரு பாட்டி, வியாசர்பாடி

ப: மாமா சொல்வது நல்ல யோசனை. புதுமை, வேகம், திகில் வேண்டும் என்ற தாகம் சிலருக்குப் பிறவியிலேயே கூடுதல். அதை அணைக்க முடியாது, வாய்க்கால் வெட்டி விடலாம். குத்துச்சண்டையும் கால்பந்தும் உங்கள் பக்கத்திலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. சேர்க்கும் முன் ஒரு வாரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டர் புதுப் பையனை முதல் மாதமே மோதவிடாமல் ஸ்கிப்பிங், காலடி, பை குத்துவது என்று பழக்குகிறாரா? மோதும்போது தலைக்கவசமும் பல் கவசமும் உண்டா? தலையில் அடிபட்டுத் தலைவலி, வாந்தி, மயக்கம் என்றவனை அன்றே உட்கார வைத்து டாக்டரிடம் அனுப்புகிறாரா? மூன்றும் ஆம் என்றால் சேருங்கள். வெளியே சண்டை போட்டால் பயிற்சி நிறுத்தம் என்று சொல்லும் மாஸ்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டில் நாம் சொல்வதைவிட அவர் சொல்வது காதில் ஏறும். பள்ளியிலும் சிறு வயதிலிருந்தே கவனம் நிற்கவில்லை என்றால் மட்டும், கவனக்குறைவு மிகைத்துடிப்பு (ஏடிஎச்டி) இருக்கிறதா என்று டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

கே: பொண்ணுங்களுக்கு இந்த மாதிரி ஆபத்து ஆசை கிடையாதுதானே?
ஒரு தாய், மணலி

ப: உண்டு. கண்ணில் படாத இடத்தில் இருக்கும். பெரும்பாலும் செல்போனுக்குள். முகம் தெரியாதவரோடு நட்பு, படம் அனுப்புவது, சந்திக்கப் போவது. படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 1930 இணையக் குற்ற உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண். போனைப் பிடுங்குவதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். பிடுங்குவார்கள் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் சொல்லாமல் சிக்கிக்கொண்டே போகிறார்கள்.

கே: தம்பி பையில வலி மாத்திரை அட்டை இருந்துச்சு. அவனுக்கு வலி எதுவும் இல்ல. அப்பாகிட்ட சொன்னா அடிச்சே கொன்னுடுவார்.
ஓர் அக்கா, எண்ணூர்

ப: அட்டையின் பெயரைப் படம் எடுத்து ஒரு டாக்டரிடம் காட்டும்மா. சில வலி மாத்திரைகள் உடம்புக்குள் அபின் போல வேலை செய்பவை. அடி எதையும் மாற்றாது, ஒளிக்கிற இடத்தை மட்டும் மாற்றும். அவன் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, "ஏன் போட்டே?" என்று கேட்காமல், "அது போட்டா என்னடா கிடைக்குது உனக்கு?" என்று கேள். முதல் தடவை பெரும்பாலும் நண்பர்களுக்காக. தொடர்வது வேறு ஏதோ ஒன்றை மறக்க. அந்த ஒன்று தெரிந்தால்தான் வழி பிறக்கும்.

கையில் ஊசித் தழும்பு இருந்தால் தள்ளிப் போடாதே. ஊசி பகிர்ந்தால் எச்ஐவி, கல்லீரல் தொற்று வரும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, எழுப்பினால் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108. தானே நிறுத்தினால் உடம்புவலி, மூக்கொழுகல், தூக்கமின்மை, வயிற்றுப்போக்கு வரும். அது நடிப்பில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். அப்பாவிடம் நீ தனியாகச் சொல்லாதே, டாக்டர் வழியாகப் போகட்டும்.

கே: இங்கே எல்லோரும் 'சேர்க்கை சரியில்லை' என்கிறார்கள். என் மகனுக்குச் சேர்க்கையே இல்லை. 16 வயது. தனியாக ராத்திரி மாமாவின் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வேகமாக ஓட்டிவிட்டு வருகிறான். யாரிடமும் சொல்வதும் இல்லை.
ஒரு தந்தை, பழைய வண்ணாரப்பேட்டை

ப: இந்தப் பக்கத்தில் உள்ள கடிதங்களில் எங்களுக்கு அதிகம் கவலை தருவது உங்களுடையதுதான். பார்வையாளர் யாரும் இல்லாமல், யாரிடமும் பீற்றிக்கொள்ளாமல் எடுக்கும் ஆபத்து வேறு வகை. 'செத்தாலும் பரவாயில்லை' என்ற மனநிலை அதற்குள் ஒளிந்திருக்கலாம். தூக்கம் கலைவது, சாப்பாடு குறைவது, பிடித்த விளையாட்டை விட்டுவிடுவது, தன் பொருள்களை அடுத்தவருக்குக் கொடுப்பது, 'நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி' என்பது, இவற்றில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

இன்று இரவே, கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "உயிரை விட்டுடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஏற்கெனவே இருந்தால், சொல்ல ஓர் ஆள் கிடைத்த ஆறுதல்தான் வரும். அவன் 'ஆமாம்' என்றாலோ பதில் சொல்லாமல் அழுதாலோ தனியாக விடாதீர்கள். வண்டிச் சாவி, வீட்டிலுள்ள மாத்திரைகள், எலி மருந்து எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் நாள் முழுக்கத் தமிழில் பேசலாம். விடிந்ததும் ஸ்டான்லி மனநலப் பிரிவுக்கோ கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கோ கூட்டிப்போங்கள். 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்று உறவினர் பேசினால் பேசட்டும். வண்டியைக் கொடுக்கிற மாமாவிடம் மட்டும், சாவி ஏன் உங்களிடம் இருக்கிறது என்று இன்றே சொல்லிவிடுங்கள்.